அச்சகத்துப் பழைய கணினியும் கட்டற்ற மென்பொருளும்

மென்பொருளுக்குக் காசு கொடுக்க வேண்டும் என்று சொன்னால் ஒரு காலத்தில் பினாங்கில் சிரிப்பார்கள். கணினி வாங்கும்போது கடைக்காரரே எல்லாவற்றையும் ஏற்றிக் கொடுத்துவிடுவார். ஏதாவது விடுபட்டிருந்தால் கொம்தார் பக்கம் போய்ச் சில வெள்ளிக்கு ஒரு குறுந்தட்டு வாங்கி வந்தால் வேலை முடிந்தது. அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர்களிடம் கட்டற்ற மென்பொருள் என்று பேச்செடுத்தால், "எங்களுக்கு எப்போதுமே எல்லாம் இலவசம்தானே, இதில் புதிதாக என்ன இருக்கிறது?" என்று கேட்கிறார்கள். கேட்பதில் தவறில்லை. ஆனால் கட்டற்ற மென்பொருள் என்ற கருத்துக்கும் விலைக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. நம் கணினியில் ஓடும் நிரலின் மீது நமக்கு என்ன அதிகாரம் இருக்கிறது என்பதுதான் அங்கே கேள்வி.

திருட்டு நகலை வைத்திருப்பவருக்கு அந்த அதிகாரம் இல்லை என்பது வெளிப்படை. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி அது குற்றமும்கூட. ஆனால் முறையாகக் காசு கொடுத்து வாங்கியவருக்காவது இருக்கிறதா?

ஜார்ஜ்டவுனில் லெபோ பசாரை நம்மவர்கள் கடைத்தெரு என்பார்கள். அந்த வட்டாரத்தில் எனக்குப் பழக்கமான அச்சகம் ஒன்று உண்டு. திருமண அழைப்பிதழ், ஆலயத் திருவிழா அறிக்கை, பதினாறாம் நாள் கிரியை அட்டை, பள்ளி விழா மலர் என்று தமிழில் வரும் வேலைகள்தான் அதன் பிழைப்பு. மூலையில் துணி போர்த்திய பழைய கணினி ஒன்று இருக்கிறது. அதற்கு இணைய இணைப்பு கிடையாது. பின்பக்கம் விரல் நீளத்தில் ஒரு டாங்கிள் செருகியிருக்கிறது. அதைப் பிடுங்கினால் தமிழ் எழுத்துக்கோப்பு மென்பொருள் திறக்காது. விற்ற நிறுவனம் கடையை மூடிப் பல காலம் ஆகிவிட்டது. வாடிக்கையாளர்களின் பழைய கோப்புகள் எல்லாம் அந்த ஒரு பெட்டிக்குள் கிடக்கின்றன. புதிய கணினிக்கு எடுத்துப் போய்த் திறந்தால் தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற குறிகள் வரிசையாக வந்து நிற்கும். முதலாளி நேர்மையானவர், வாங்கியதற்கான ரசீதை இன்னும் கோப்பில் வைத்திருக்கிறார். ரசீதால் பயன் ஒன்றும் இல்லை. குறுந்தட்டு வாங்கியவரும் ரசீது வைத்திருப்பவரும் கடைசியில் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள். இருவர் கையிலும் மூல நிரல் கிடையாது.

நிரலாளர் எழுதுவது மூல நிரல். ஓரளவு பயிற்சி உள்ள எவரும் வாசித்துப் புரிந்துகொள்ளக்கூடிய வரிகள் அவை. அவற்றைத் தொகுத்து, கணினி மட்டும் படிக்கும் எண்களாக மாற்றியதே நாம் இரட்டைச் சொடுக்கில் திறக்கும் இயங்கு கோப்பு. கடையில் வாங்கிய கறித்தூளைப் பிரித்து மல்லி எவ்வளவு, சீரகம் எவ்வளவு என்று தனித்தனியே எடுக்க முயல்வது போன்றதுதான் இயங்கு கோப்பிலிருந்து மூல நிரலை மீட்கப் பார்ப்பது. மூக்கை வைத்து ஓரளவு ஊகிக்கலாம். முழுதாக மீட்க முடியாது.

மூல நிரல் கையில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழிலேயே நல்ல எடுத்துக்காட்டு உண்டு. 'கொ' என்று தட்டச்சு செய்யுங்கள். யுனிகோடு முறையில் கணினியின் நினைவகத்தில் முதலில் 'க', அதற்கு அடுத்ததாக ஒகரக் குறி என இரண்டே குறியீடுகள் பதிவாகின்றன. திரையில் காட்டும்போது அந்த ஒகரக் குறியை இரண்டாகப் பிளந்து, கொம்பை ககரத்துக்கு முன்னாலும் காலைப் பின்னாலும் வைக்க வேண்டும். யாராவது இந்த வேலையைச் செய்தாக வேண்டும். பழைய மென்பொருள்களில் ஒவ்வொரு நிறுவனமும் தன் எழுத்துருவுக்குள் தன் விருப்பப்படி குறியீடுகளை வைத்துக்கொண்டு இதைச் சமாளித்தது. மேலே சொன்ன பொருளற்ற குறிகளுக்குக் காரணம் அதுதான். இன்று ஆண்டிராய்டு கைப்பேசி, ஃபயர்பாக்ஸ், குரோம், லிப்ரே ஆபீஸ் எல்லாவற்றிலும் இந்தப் பிளக்கும் வேலையைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற ஒரே நிரல்தொகுதி. அதன் மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. தமிழ் எழுத்து எங்காவது உடைந்து தெரிந்தால், ஏன் உடைகிறது என்று உள்ளே போய்ப் பார்க்கலாம். திருத்தி அனுப்பினால், சரியாக இருக்கும் பட்சத்தில் ஏற்றுக்கொள்வார்கள். ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதிவிட்டு, தமிழர் சந்தை சின்னது என்ற பதிலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

நாலு உரிமைகள்

இந்தக் கருத்துக்கு வடிவம் கொடுத்தவர் ரிச்சர்ட் ஸ்டால்மன். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்துச் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் நிரலாளராக இருந்தவர். கதை ஓர் அச்சுப்பொறியில் தொடங்குகிறது. ஆய்வகத்தின் பழைய அச்சுப்பொறியில் தாள் சிக்கினால், அச்சுக்குக் கொடுத்திருந்தவர்களின் திரையில் செய்தி வரும்படி அவர் நிரலை மாற்றி வைத்திருந்தார். யாராவது எழுந்து போய்ச் சரிசெய்துவிடுவார்கள். 1980 வாக்கில் ஜெராக்ஸ் நிறுவனம் புதிய லேசர் அச்சுப்பொறி ஒன்றைக் கொடுத்தது. வேகமான பொறிதான், ஆனால் அதிலும் தாள் சிக்கியது, மூல நிரலோ வரவில்லை. வேறொரு பல்கலைக்கழகத்தில் அந்த நிரல் இருக்கிறது என்று கேள்விப்பட்டு நேரில் போய்க் கேட்டார். கொடுப்பதில்லை என்று நிறுவனத்துக்கு எழுத்தில் உறுதியளித்திருப்பதாகச் சொல்லி அவர்கள் கைவிரித்துவிட்டார்கள். தீர்வு தெரியும், தீர்க்கத் தெரிந்த ஆளும் இருக்கிறார், ஆனால் அனுமதி இல்லை. இந்த எரிச்சல் அவரை விடவில்லை. 1983 செப்டம்பரில் க்னூ என்ற திட்டத்தை அறிவித்தார். முழுக் கணினியையும் கட்டற்ற நிரல்களைக் கொண்டே ஓட்ட வேண்டும் என்பது அதன் நோக்கம். 1985இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கினார்.

ஒரு மென்பொருளைக் கட்டற்றது என்று சொல்ல, பயன்படுத்துபவருக்கு நான்கு உரிமைகள் இருக்க வேண்டும் என்பது அந்த அறக்கட்டளையின் வரையறை. எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குகிறது. நிரலாளர்கள் பூஜ்யத்திலிருந்து எண்ணுபவர்கள் என்பதால் பலர் அதை நகைச்சுவை என்று நினைக்கிறார்கள். உண்மையில், முதலில் மூன்றைத்தான் பட்டியலிட்டிருந்தார்கள். அவற்றுக்கெல்லாம் அடிப்படையான ஒன்றைச் சொல்லாமல் விட்டிருந்தது பிறகு தெரிந்தபோது, மற்றவற்றின் எண்களை மாற்றாமல் அதைப் பூஜ்யமாக முன்னால் சேர்த்தார்கள்.

அந்தப் பூஜ்ய உரிமை: எந்த நோக்கத்துக்காகவும் நிரலை ஓட்டலாம். சொல்ல வேண்டுமா என்று தோன்றும். பள்ளிக்கென்று சலுகை விலையில் தந்த மென்பொருளில் ஆலயக் கணக்கு எழுதக்கூடாது, வீட்டு உபயோகத்துக்கான பதிப்பில் கல்யாண அழைப்பிதழ் தயாரித்து விற்கக்கூடாது என்றெல்லாம் உரிமங்களின் நுண்ணெழுத்தில் இருப்பதை யாரும் படிப்பதில்லை. டாங்கிளும் இதே வகைதான்: இந்த ஒரு கணினியில் மட்டும் ஓட்டலாம் என்ற நிபந்தனைக்குப் பிளாஸ்டிக் உருவம்.

முதல் உரிமை, நிரல் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பதும் தேவைக்கேற்ப மாற்றுவதும். இதற்கு மூல நிரல் கிடைத்தாக வேண்டும். இரண்டாவது, நகல் எடுத்து அடுத்தவருக்குக் கொடுப்பது. தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் வகுப்பில் கற்றுக்கொடுத்த மென்பொருளைப் பென்டிரைவில் போட்டு எல்லா மாணவர்களுக்கும் கொடுத்தனுப்பலாம். குற்ற உணர்வுக்கு இடமில்லை, பெற்றோரின் பணப்பைக்கும் வேலை இல்லை.

மூன்றாவது உரிமை, நாம் மாற்றிய நிரலைப் பிறருக்கு வழங்குவது. என்னைக் கேட்டால் நம்மைப் போன்ற சிறிய மொழிச் சமூகத்துக்கு இதுதான் உயிர்நாடி. பக்க வடிவமைப்புக்கு ஸ்கிரைபஸ் என்றொரு கட்டற்ற மென்பொருள் இருக்கிறது. செய்தித்தாள், மலர், நூல் எல்லாம் அதில் வடிவமைக்கலாம். நெடுங்காலம் அதில் தமிழ் சரிவராது. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் நிற்கும். அதைச் சரிசெய்தவர்கள் தமிழர்கள் அல்லர். ஓமான் நாட்டிலிருந்து ஒரு குழுவினர், தங்கள் அரபு எழுத்து ஸ்கிரைபஸில் ஒழுங்காக வரவில்லை என்பதற்காக மூல நிரலை எடுத்து, ஹார்ஃப்பஸை அதனுள் இணைத்து வேலை பார்த்தார்கள். முடித்ததும் அந்த வேலை ஸ்கிரைபஸின் முதன்மைப் பதிப்புக்குள் சேர்ந்தது. அரபுக்காகத் திறந்த வழியில் தமிழும் உள்ளே வந்துவிட்டது. மஸ்கட்டில் இருப்பவருக்கும் பினாங்கில் இருப்பவருக்கும் இடையில் எந்த ஒப்பந்தமும் இல்லை. ஒருவரை ஒருவர் அறியவும் மாட்டார்கள். மாற்ற உரிமை, மாற்றியதைத் தர உரிமை என்ற இரண்டு மட்டும் இருந்தன.

பூட்டாமல் இருக்க ஒரு பூட்டு

எல்லோருக்கும் கொடுத்துவிட்டால் நாளை ஒரு நிறுவனம் அதை எடுத்து, நாலு வசதிகளைச் சேர்த்து, மூல நிரலை மறைத்து விற்காதா? விற்கும். அதற்குத்தான் காப்பிலெஃப்ட் என்ற ஏற்பாடு; தமிழில் அளிப்புரிமை என்கிறார்கள். பதிப்புரிமைச் சட்டம் எழுதியவருக்கு முழு அதிகாரத்தைத் தருகிறது. அந்த அதிகாரத்தைக் கொண்டே அவர் ஒரு நிபந்தனை விதிக்கிறார்: எடுத்துக்கொள், மாற்று, விற்கவும் செய், ஆனால் அடுத்தவருக்குக் கொடுக்கும்போது உனக்குக் கிடைத்த அதே உரிமைகளையும் மூல நிரலையும் சேர்த்துக் கொடு. இந்த நிபந்தனையைச் சட்ட மொழியில் எழுதியதே ஜிபிஎல் எனப்படும் பொது உரிமம். முதல் பதிப்பு 1989இல் வந்தது, இரண்டாவது 1991இல், மூன்றாவது 2007இல்.

1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் என்ற கருநிரலை, அதாவது வன்பொருளையும் மற்ற நிரல்களையும் இணைக்கும் மையப் பகுதியை, வெளியிட்டார். அடுத்த ஆண்டே அதை ஜிபிஎல் உரிமத்துக்குக் கொண்டுவந்தார். க்னூ திட்டத்தில் எல்லாம் இருந்து கருநிரல் மட்டும் முடியாமல் கிடந்த நேரம் அது. இரண்டும் சேர்ந்ததும் முழு இயங்குதளம் கிடைத்தது. இன்று நம் சட்டைப் பையில் இருக்கும் ஆண்டிராய்டு கைப்பேசியின் அடியிலும் அந்த லினக்ஸ்தான் ஓடுகிறது.

இந்த நிபந்தனை இல்லாத உரிமங்களும் உண்டு. எம்ஐடி, பிஎஸ்டி, அப்பாச்சி வகை உரிமங்களில் வந்ததை எடுத்துப் பூட்டியும் விற்கலாம். ஆப்பிள் தன் மேக் இயங்குதளத்தில் பிஎஸ்டி நிரல்களை நிறையவே பயன்படுத்தியிருக்கிறது. அவையும் கட்டற்ற மென்பொருள்களே. எது சிறந்தது என்று நிரலாளர்கள் விடிய விடியச் சண்டை போடுவார்கள். நான் அளிப்புரிமையின் பக்கம். ஊதியம் இல்லாமல் இரவில் உட்கார்ந்து ஒரு தமிழர் எழுதிய நிரல், பிறகு பூட்டப்பட்டு நமக்கே விலைக்கு வருவதை என்னால் ஜீரணிக்க முடியாது.

திறமூலம் என்ற சொல்லையும் நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். 1998இல் புழக்கத்துக்கு வந்தது. நடைமுறையில் ஏறத்தாழ அதே மென்பொருள்களைத்தான் குறிக்கிறது. அந்தச் சொல்லை விரும்புபவர்கள் நல்ல நிரல் உருவாகும் முறை என்ற கோணத்தில் பேசுகிறார்கள், ஸ்டால்மன் தரப்பு உரிமை என்ற கோணத்தில் பேசுகிறது. தொடக்கநிலை வாசகருக்கு அந்தத் தகராறு இப்போது தேவையில்லை.

விலைக்கு வருவோம். கட்டற்ற மென்பொருளை விற்கத் தடை எதுவும் இல்லை. ஸ்டால்மனே ஈமாக்ஸ் என்ற தன் உரைத்திருத்தி நிரலைக் காந்த நாடாவில் பதிந்து 150 டாலருக்கு விற்றுத்தான் தொடக்க காலத்தில் வாழ்ந்தார். லினக்ஸுக்கான சேவையை விற்று வளர்ந்த ரெட் ஹேட் நிறுவனத்தை 2019இல் ஐபிஎம் சுமார் 3,400 கோடி டாலருக்கு வாங்கியது. நம் ஊர்க் கடைக்காரர் லினக்ஸ் ஏற்றிக் கொடுப்பதற்கும் சொல்லிக் கொடுப்பதற்கும் கூலி வாங்கினால் அதில் தவறே இல்லை.

மறுபுறம், விலை இல்லாத எல்லாம் கட்டற்றவை ஆகிவிடாது. வாட்ஸ்அப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தைப்பூச நேரத்தில் தண்ணீர்மலைத் தொண்டூழியர் குழுவிலிருந்து நடனப் பயிற்சி அறிவிப்பு வரை எல்லாம் அதில்தான் ஓடுகிறது. ஒரு காசு கொடுப்பதில்லை. ஆனால் செயலியின் மூல நிரல் நம் கையில் இல்லை. நாளைக்கு ஒரு வசதியை எடுத்துவிட்டாலோ அரட்டைக்கு நடுவே விளம்பரத்தை நுழைத்தாலோ ஏற்றுக்கொள்வதைத் தவிர வேறு வழி கிடையாது. அதே வேலையைச் செய்யும் சிக்னல் செயலியோ மூல நிரலோடு வருகிறது. இரண்டுக்கும் விலை ஒன்றுதான், பூஜ்யம். ஆண்டிராய்டிலும் இதே சிக்கல் உண்டு. அடித்தளம் திறந்திருந்தாலும் அதன் மேல் கூகுள் ஏற்றும் பிளே சேவைகள் மூடியவை.

மலேசிய அரசாங்கம் இதையெல்லாம் அறியாததல்ல. 2004இலேயே பொதுத்துறைக்கான திறமூல மென்பொருள் பெருந்திட்டத்தை, அரசு நிர்வாகத்தை நவீனப்படுத்தும் பிரிவான மாம்பு வெளியிட்டது. அதைச் செயல்படுத்தத் தனி மையமும் அமைந்தது. அரசு அலுவலகங்களில் பலர் முதன்முதலாக ஓப்பன் ஆபீஸ் என்ற அலுவலக மென்பொருளைப் பார்த்தது அந்தக் காலத்தில்தான். ஓப்பன் ஆபீஸின் பின்கதையும் பாடம்தான். அதை நடத்திவந்த சன் நிறுவனத்தை 2010இல் ஆரக்கிள் வாங்கியது. புதிய உரிமையாளரின் போக்கு பிடிக்காத நிரலாளர்கள் அதே ஆண்டு செப்டம்பரில் மூல நிரலை எடுத்துக்கொண்டு வெளியேறி லிப்ரே ஆபீஸ் என்று தொடங்கினார்கள். பயனர்கள் ஒரு கோப்பைக்கூட இழக்கவில்லை. கடைத்தெரு அச்சகத்து மென்பொருளின் நிறுவனம் மூடப்பட்டபோது நடந்ததையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

குறைகள் இல்லாமல் இல்லை

மூல நிரல் திறந்திருந்தால் ஆயிரம் கண்கள் பார்க்கும், பிழையே இருக்காது என்று சிலர் மேடையில் பேசுவார்கள். கேட்க நன்றாக இருக்கும். 2014இல் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்புப் பிழை, இணையத் தொடர்பை மறையாக்க இணையத்தில் பாதிக் கூட்டம் நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலில் இரண்டாண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இருந்தது. திறந்திருந்தது, யாரும் பார்க்கவில்லை. 2024 மார்ச்சில் நடந்தது வேறு வகை. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற சிறிய நிரலுக்குள் ஒருவர் நம்பிக்கையைச் சம்பாதித்து உள்ளே வந்து, திருட்டு வாசல் ஒன்றை வைத்துவிட்டார். தன் கணினியில் தொலை உள்நுழைவு சுமார் அரை விநாடி தாமதமாவதைக் கண்ட ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற நிரலாளர் விடாமல் தோண்டி அதைக் கண்டுபிடித்தார். உலகின் பெரும்பாலான லினக்ஸ் கணினிகளுக்கு அது பரவுவதற்கு முன்பே அடைத்துவிட்டார்கள். மூடிய நிரலாக இருந்திருந்தால் அவர் தாமதத்தை உணர்ந்திருப்பார், அதற்கு மேல் போயிருக்க முடியாது. கட்டற்றது என்பதால் பாதுகாப்பு தானாக வந்துவிடாது. பார்க்க நினைப்பவரைத் தடுக்க முடியாது, அவ்வளவுதான்.

தமிழ்ப் பக்கம் குறைகள் இன்னும் அதிகம். மென்பொருள்களின் மெனு பட்டியல்களின் மொழிபெயர்ப்பு ஓரிடத்தில் நன்றாகவும் ஓரிடத்தில் பாதியிலும் நிற்கும். எழுத்துப்பிழை திருத்திகள் நம் புணர்ச்சி விதிகளைக் கண்டு திணறுகின்றன. போட்டோஷாப்பில் கை பழகிய வடிவமைப்பாளரை கிம்ப் என்ற கட்டற்ற படத்திருத்தி முன்னால் உட்கார வைத்தால் அரை மணி நேரத்தில் எழுந்துவிடுவார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எழுத்துருக்கள்தான் ஆறுதல். நோட்டோ தமிழ், லோகித் தமிழ், மீரா இனிமை, கட்டமரான், பலூ தம்பி எல்லாம் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. அழைப்பிதழ், மலர், பதாகை எதற்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். தம்பி என்று பெயர் வைத்த எழுத்துரு அழைப்பிதழுக்குக் கொஞ்சம் குண்டாகத்தான் இருக்கும், பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு ஏற்றது. ஆலய மலர்கள் அச்சில் மட்டும் இருந்து, அவற்றைத் தட்டச்சு செய்ய ஆளில்லை என்றால் டெசராக்ட் என்ற எழுத்துணரி தமிழையும் படிக்கும். படம் தெளிவாக இருந்தால் திருத்தும் வேலை குறையும்.

எங்கே தொடங்குவது? இயங்குதளத்தை மாற்றிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும் என்பதில்லை. இருக்கும் விண்டோஸிலேயே லிப்ரே ஆபீஸ், ஃபயர்பாக்ஸ், விஎல்சி ஆகியவற்றை அவற்றின் சொந்தத் தளங்களிலிருந்து இறக்கிப் பழகுங்கள். ஒரு மாதம் கழித்து எரிச்சல் தராதது எது என்று உங்களுக்கே தெரியும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், விண்டோஸ் 11க்குத் தகுதி இல்லாத நல்ல கணினிகள் பல வீடுகளிலும் பள்ளிகளிலும் சும்மா கிடக்கின்றன. அவற்றில் லினக்ஸ் மின்ட் நன்றாக ஓடும். நிறுவுவதற்கு முன் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள், வன்தட்டில் எதுவும் மாறாது. வைஃபை, ஒலி, அச்சுப்பொறி மூன்றையும் அப்போதே சோதித்துவிடுங்கள். பழைய அச்சுப்பொறிகளில் சில முரண்டு பிடிக்கும்.

லினக்ஸில் தமிழ் உள்ளீட்டுக்குத் தனியாக எதுவும் வாங்க வேண்டாம். ஐபஸ் என்ற கருவியையும் அதற்கான எம்17என் தொகுப்பையும் நிறுவினால் தமிழ்99, ஒலியியல், பழைய தட்டச்சு முறை எல்லாம் பட்டியலில் வந்துவிடும். முரசு அஞ்சல் முறையில் பழகியவர்களுக்கு ஒலியியல் நெருக்கமாக இருக்கும், ஆனால் சில விசைகள் மாறியிருக்கும். நிறுவியபின் ஒருமுறை வெளியேறி உள்ளே வாருங்கள். இல்லையென்றால் பட்டியலில் தமிழ் தெரியாது.